மூணாவது ஆள்

நாற்பத்தொரு சதவீதத்தில் நிற்கிறது. நகர்கிற மாதிரியே இல்லை, ஆனால் நகரும், கண்ணை எடுத்த நொடியில் பொங்கிவிடுகிற பால் மாதிரி இதுவும், நான் அந்தப் பக்கம் திரும்பினால் ஐம்பதைத் தாண்டியிருக்கும், அதனால் திரும்பிக்கொள்கிறேன், ஏசிக்குக் கீழே வைத்திருக்கும் நீல வாளியைப் பார்க்கிறேன், டொக் என்று ஒரு சொட்டு, பிறகு ஒரு டொக், பிறகு இன்னொன்று, இந்த மூன்றாவது கொஞ்சம் பிந்தி விழுந்ததோ என்று மனசு உடனே கேட்கிறது, கேட்காதே என்றால் கேட்பதில்லை, ஐந்து வருஷமாக அதற்கு ஒரே ஒரு வித்தையைத்தான் பழக்கியிருக்கிறேன், எது திரும்பத் திரும்ப நடந்தாலும் அது நேரத்துக்கு நடக்கிறதா, முந்துகிறதா, பிந்துகிறதா என்று பார்க்கிற வித்தை. சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற டவுன் பஸ், ஹாஸ்டல் தண்ணி மோட்டார், பக்கத்து மேசையில் ஹபீப் கால் ஆட்டுவது. அவன் காலாட்டலுக்கும் ஒரு காலமுறை இருக்கிறது, டீக்கு முன்னால் வேகம், டீக்குப் பின்னால் நிதானம், ஒரு நாள் அதைப் படமாகப் போட்டு அவனிடம் காட்டியும் இருக்கிறேன், "உனக்கு வேற வேலையே இல்லையா தாயி" என்றான். வேறு வேலை இல்லை. இதுதான் வேலை. நாலு மணிக்குக் கருத்தரங்கு, அதற்கு முன்னால் இந்தக் கணக்கு ஓடி முடிய வேண்டும், முடிந்து வரும் படத்தைப் பென்டிரைவில் போட்டு என் வழிகாட்டி சேதுமாதவன் சாரிடம் கொடுக்க வேண்டும், கடைசிப் படம், இதற்குப் பிறகு திருத்தம் கிடையாது, கருத்தரங்கு முடிந்ததும் கட்டுரையைப் பத்திரிகைக்கு அனுப்பிவிடுவோம் என்று சார் சொல்லிவிட்டார். நாற்பத்திரண்டு.

எங்கள் நட்சத்திரம் ஒன்றல்ல, இரண்டு. கதையாகச் சொன்னால் இப்படித்தான் சொல்ல வேண்டும்: ஒரு ஊரில் இரண்டு நட்சத்திரம், ஒன்று செத்துச் சுருங்கி வெள்ளையாகிப் போனது, இன்னொன்று சிவப்பாக, சோம்பேறியாக, ரெண்டும் கையைக் கோத்துக்கொண்டு சுற்றுகிறதுகள், மூணு மணி நேரத்துக்கு ஒரு சுற்று. சுற்றும்போது சிவப்பு வந்து வெள்ளையை மறைக்கும், வெளிச்சம் சட்டென்று விழும், மறுபடி எழும். அந்த விழுகிற நேரத்தைத்தான் நாங்கள் குறித்துவைக்கிறோம், எனக்கு முன்னால் இருந்தவர்கள் குறித்தார்கள், அவர்களுக்கு முன்னால் வெளிநாட்டில் யார் யாரோ குறித்தார்கள், கால் நூற்றாண்டுக் கிரகணம், ஒவ்வொன்றும் எப்போது வர வேண்டும், எப்போது வந்தது, ரெண்டையும் கழித்தால் மிச்சம். மிச்சம் பூஜ்யமாக இருக்க வேண்டும். இல்லை. சில வருஷம் ரெண்டரை செகண்ட் பிந்துகிறது, அப்புறம் மெல்ல மெல்ல முந்த ஆரம்பிக்கிறது, அப்புறம் மறுபடி பிந்துகிறது, அலை மாதிரி, மேடு, பள்ளம், மேடு, பள்ளம். அப்படியென்றால் கண்ணுக்குத் தெரியாத யாரோ ஒருவர் அந்த ஜோடியைப் பிடித்து இழுக்கிறார், ஜோடி நம்மை விட்டுத் தள்ளிப் போனால் வெளிச்சம் வந்துசேர நேரமாகிறது, கிட்டே வந்தால் சீக்கிரம் வருகிறது, அவ்வளவுதான் சங்கதி. ஒரு கிரகம். "மூணாவது ஆள் இருக்கான்மா" என்று சார் சொன்ன அன்றைக்கு அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் போட்டுக்கொண்டார், மறுபடி கழற்றித் துடைத்தார், அதில் ஒன்றும் அழுக்கில்லை. அன்றிலிருந்து அதற்கு அதுதான் பெயர். மூணாவது ஆள். ஹபீப்புக்கு மட்டும் அது என் பிள்ளை, காலையில் உள்ளே வந்ததும் "புள்ளை என்ன சொல்லுது, பால் குடிச்சுதா?" என்பான். நான் சிரிப்பேன். சிரித்துவிட்டு உள்ளுக்குள் ஏதோ ஒன்று இடறும், செருப்பில் சின்னக் கல் புகுந்த மாதிரி, நின்று உதற நேரமில்லை, நடக்கவும் முடியவில்லை.

எதில் இடறுகிறது என்று தெரிந்தால் உதறிவிடுவேன். படம் அழகாக இருக்கிறது, அதுதான் முதல் பயம். வானத்திலிருந்து வருகிற எதுவும் இவ்வளவு அழகாக வராது, மேகம் வரும், நிலா வரும், கேபிளில் எலி கடிக்கும், மலைமேல் தொலைநோக்கியில் நான் குறித்த ராத்திரிகளில் பாதி ராத்திரி ஏதாவது ஒன்று நொட்டை, அப்படியிருந்தும் புள்ளிகள் எல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கோடு போட்டு நிற்கிற மாதிரி வளைவு மேலேயே நிற்கின்றன. போன மாதம்வரைக்கும் சுற்றுக்காலம் ஒரு இடத்தில் நிற்காமல் அலைந்தது, பன்னிரண்டரை வருஷம் என்றது, பதின்மூன்று என்றது, ஒரு தடவை பதினொன்றே கால் என்றது, இந்தக் குளிர்காலத்துக் கிரகணங்களைச் சேர்த்த பிறகுதான் பன்னிரண்டுக்குக் கொஞ்சம் கீழே வந்து உட்கார்ந்தது. உட்கார்ந்த பிறகு நிம்மதியாக இருக்க வேண்டுமே, இல்லை. வளைவைக் கழித்துவிட்டுப் பார்த்தால் மிச்சத்திலும் ஒரு சின்ன வளைவு தெரிகிறது, ரொம்ப மெதுவானது, கால் நூற்றாண்டில் ஒரு சுற்றுகூட முடிக்காதது, சார் அதைப் பார்த்துவிட்டு "நாலாவது ஆளும் இருப்பான் போலிருக்கே, குடும்பமே இருக்கு" என்று மேசையைத் தட்டினார். ஹபீப் பின்னால் நின்று எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி "விட்டா ஜாதகமே கணிச்சிருவாரு" என்றான். அப்போதும் சிரித்தேன். அப்போதும் அந்தக் கல்.

ஐம்பத்தெட்டு. இந்தக் கணக்கு ஓடுகிற விதம் எனக்குப் பிடிக்கும், பயம் வரும்போதெல்லாம் அதையே நினைத்துக்கொள்வேன். விடை எங்கே இருக்கிறதென்று தெரியாத ஒரு பெரிய மைதானத்தில் சில நூறு பேரைக் கண்ணைக் கட்டி இறக்கிவிடுகிற மாதிரி, ஒவ்வொருவரும் ஓரடி எடுத்து வைப்பார்கள், இடம் பொருந்தினால் நிற்பார்கள், பொருந்தாவிட்டால் அநேகமாகத் திரும்பிவிடுவார்கள், முதலில் கன்னாபின்னாவென்று அலைவார்கள், போகப் போக எல்லாரும் ஒரே பக்கமாக நெருக்கிக்கொண்டு போவார்கள், கடைசியில் எல்லாரும் கூடி நிற்கிற இடம்தான் விடை. நெருக்கிக்கொண்டு. நெருக்கிக்கொண்டு போகிற கூட்டத்தில் நான் நின்றிருக்கிறேன், கும்பகோணத்தில் பிறந்தவளுக்கு அதைச் சொல்லித்தரவா வேண்டும். பதினேழு வயசில், மகாமகக் குளத்துத் தண்ணீரில், இடுப்புக்கு மேலே ஈரத் துணி, முன்னால் ஒரு முதுகு, பின்னால் ஒரு வயிறு, போலீஸ்காரர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு "போ போ போ, நிக்காதே, முங்கிட்டுப் போய்ட்டே இரு" என்று கத்துகிறார், நான் தலையைத் தூக்கிக் கரை மண்டபத்தைப் பார்க்கிறேன், மண்டபம் நகர்கிறது. அப்படியே வழுக்கிக்கொண்டு இடப்பக்கமாகப் போகிறது, அதன் மேலே உட்கார்ந்திருந்த சாமி பொம்மைகளும் சேர்ந்து போகின்றன. ஒரு நிமிஷம் நிஜமாகவே மண்டபம்தான் நகர்கிறது என்று நினைத்துவிட்டேன். நான் ஒரு அடிகூட எடுத்து வைக்கவில்லை, காலே தரையில் சரியாகப் பாவவில்லை, கூட்டம் என்னைத் தூக்கிக்கொண்டு போனது. அதற்கும் முந்தின மகாமகத்தில் எனக்கு அஞ்சு வயசு. அதை நினைக்க வேண்டாம். மஞ்சள் கவுன். வேண்டாம் என்றால் விடாது, எங்கேயாவது சுற்றிவிட்டு அங்கேயே வந்து நிற்கும், அம்மாவின் கை இருந்தது, அப்புறம் இல்லை, யாரோ ஒரு ஏட்டு என்னைத் தூக்கிக்கொண்டு போய்ப் பந்தலில் ஒரு மேசைமேல் உட்காரவைத்தார், பிஸ்கட் கொடுத்தார், "பேர் என்ன பாப்பா? பேர் சொல்லு, அம்மா ஓடி வந்துரும்" என்றார். சொன்னேன். எனக்கே கேட்கவில்லை. மைக்கை என் வாய்க்கிட்டே கொண்டுவந்து வைத்தார், முட்டைபோல, கருப்பாக, துப்பல் வாசனையோடு, நான் வாயை இறுக்கிக்கொண்டேன். அப்புறம் அவரே மைக்கில் சொன்னார், குளம் முழுக்கக் கேட்டது: "மஞ்சள் கவுன் போட்ட, சுமார் அஞ்சு வயசுப் பெண் குழந்தை, பேர் சொல்லத் தெரியலை." தெரியும். மங்களாம்பிகா. வீட்டில் மங்கை. தெரியும், ஆனால் சொல்லவில்லை, பேர் தெரியாத குழந்தையாகவே ஊர் முழுக்க ஒலித்துக்கொண்டிருந்தேன், அம்மா வந்துசேரும்வரைக்கும்.

போன் அதிர்கிறது, அம்மாதான், நினைத்தால் வந்துவிடுவாள். "என்னடி பண்றே?" "வேலைம்மா." "சாப்ட்டியா?" "ம்." "ம்னா சாப்ட்டேனா, சாப்டலைனா? வாயைத் தொறந்து பேசினா முத்து கொட்டிருமா?" "சாப்ட்டேன்மா." சாப்பிடவில்லை. "இன்னிக்குதானே அந்த மீட்டிங்கு? நீ பேசறியா?" "சார் பேசுவாரும்மா. நான் படம் மட்டும் கொடுக்கணும்." "அதானே பார்த்தேன்" என்கிறாள், அதில் குறை இருக்கிறதா நிம்மதி இருக்கிறதா என்று தெரியவில்லை, "பீரோவை ஒழிச்சேன்டி, உன் போட்டோ ஒண்ணு கெடச்சுது, அனுப்பியிருக்கேன், பாரு. மாமாங்கத்துல எடுத்தது. எலும்பும் தோலுமா நிக்கிறே, நனைஞ்ச கோழி மாதிரி." "பார்க்கறேன்மா." "இந்தா, அடுத்தது வந்துருச்சு. இன்னும் ரெண்டு வருஷம்கூட இல்லை. அதுக்குள்ள அந்தப் பட்டத்தை வாங்கிட்டு வந்து முங்கு." வைத்துவிட்டாள். பட்டம். அதை அவள் ஊரெல்லாம் சொல்லிவைத்திருக்கிறாள், மங்கை ஒரு கிரகத்தைக் கண்டுபிடித்திருக்கிறாள் என்று. மாடி வீட்டு ராஜலட்சுமி மாமி அதில் ஆள் இருக்கிறார்களா என்று கேட்டாளாம். என் ஆய்வேட்டின் தலைப்பிலேயே மூணாவது ஆள் இருக்கிறான், ஐந்து அத்தியாயத்தில் நாலு அவனைப் பற்றியது. சார் ஜூனில் ஓய்வு பெறுகிறார். முப்பது வருஷம் மலையேறி இறங்கி, பஸ்ஸில் தூங்கி, கிடைத்தது இது ஒன்று, உள்ளூர்ப் பத்திரிகையிலிருந்து ஒரு நிருபர்கூட இன்றைக்கு வருகிறாராம், சார் காலையிலேயே இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தார். தொண்ணூற்றாறு.

முடிந்துவிட்டது. நான் போட்டோவைத் திறந்துகொண்டிருந்தபோது முடிந்துவிட்டது, பால் பொங்கிவிட்டது. திரையில் வளைவு, போனில் நான். அப்பாவின் பழைய டிஜிட்டல் கேமராவில் எடுத்து ஸ்டுடியோவில் பிரிண்ட் போட்டது, மூலையில் ஆரஞ்சு நிறத்தில் தேதி, பிப்ரவரி 2016, தலையிலிருந்து தண்ணீர் சொட்ட நனைந்த கோழிதான் நிற்கிறேன். திரையில் சுற்றுக்காலம் பதினொன்று புள்ளி எட்டு ஆறு வருஷம், பாதையில் கோணல் சொற்பம், ஏறக்குறைய வட்டம். மேடு, பள்ளம், மேடு, பள்ளம். எந்த எண்ணைப் பார்த்தாலும் அதற்கு நேராக விரலை வைத்துக் கீழே இறங்கிப் பார்க்கிறது என் பழக்கம், ரெண்டாவது மேட்டின் உச்சியில் விரலை வைத்துக் கீழே இறங்கினேன். 2016, தொடக்கம். போனைப் பார்த்தேன். சரி, இருக்கட்டும், எல்லா வருஷத்திலும் எல்லாரும் எங்கேயாவது நின்றிருப்பார்கள். முதல் மேடு. விரல் இறங்கியது. 2004, தொடக்கம். மஞ்சள் கவுன். வாளியில் ஒரு டொக். கணக்கு தானாகவே அடுத்த மேட்டையும் வரைந்திருக்கிறது, விட்டுவிட்டு வரும் கோட்டில், இன்னும் வராத மேடு, விரலை வைக்காமலே தெரிந்தது, 2028-ஐத் தொட்டுக்கொண்டு நிற்கிறது, இந்தா வந்துருச்சு என்கிறாள் அம்மா, இன்னும் ரெண்டு வருஷம்கூட இல்லை என்கிறாள்.

இல்லை. இரு. பதறாதே. மூணு தேதி ஒத்துப்போகிறது என்பதற்காக ஒரு கிரகத்தைக் கும்பகோணத்தில் கொண்டுபோய் முக்க முடியாது. மகாமகம் எப்போது வரும்? மாசி மாதம், மக நட்சத்திரத்துப் பௌர்ணமி. அது வருஷா வருஷம் வருகிறதே, மாசி மகம் என்று. பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மட்டும் மகா ஏன்? ஏனென்றால் அன்றைக்குக் குரு சிம்ம ராசியில் இருக்க வேண்டும், ஊரில் எல்லா ஆட்டோக்காரருக்கும் தெரியும். குரு என்றால் வியாழன். வியாழன் சூரியனைச் சுற்றி வர எடுக்கும் காலம் பதினொன்று புள்ளி எட்டு ஆறு வருஷம். ஒன்பதாம் வகுப்புப் புத்தகத்தில் இருக்கிறது. எங்கள் நட்சத்திரம் எங்கே இருக்கிறது? சிம்மத்தில். மகத்துக்குப் பக்கத்தில், தொலைநோக்கியை முதலில் மகத்தில் நிறுத்திவிட்டு அங்கிருந்துதான் ஓரமாக நகர்த்துவோம், எத்தனை ராத்திரி நகர்த்தியிருக்கிறேன். அப்படியானால் வியாழன் எங்கள் நட்சத்திரத்தின் திசையில் போய் நிற்கும்போதெல்லாம் கிரகணம் பிந்துகிறது, எதிர்ப்பக்கம் போகும்போதெல்லாம் முந்துகிறது. ஆனால் வியாழனுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம், இது இந்த வீட்டு ஆள், அது எத்தனையோ ஒளியாண்டுக்கு அப்பால் இருக்கிற வீடு. மண்டபம் நகர்ந்தது. மண்டபம் நகரவில்லை, கூட்டம் என்னைத் தூக்கிக்கொண்டு போனது.

பூமியில் நின்று கடிகாரம் பார்த்தால் நேரம் ஒழுங்காக இருக்காது, பூமி ஓடிக்கொண்டிருக்கிறது, அதனால் சூரியனில் நின்று பார்த்த மாதிரி ஒவ்வொரு நேரத்தையும் மாற்றிக்கொள்வோம், சூரியன்தான் ஓடாதே. எங்கள் துறையில் இதற்கு ஒரு கணினி நிரல் இருக்கிறது, பதினைந்து வருஷத்துக்கு முன்னால் இங்கே ஆய்வு செய்த ரெஜினா அக்கா எழுதியது, அவர் சுரேஷ்குமார் அண்ணனிடம் கொடுத்து, அவர் இன்னொருவரிடம் கொடுத்து, என் கைக்கு வந்தது, அக்காவை நான் பார்த்ததே இல்லை, நிரலின் நடுவில் அவர் எழுதிவைத்த வரியை மட்டும் தெரியும்: "இது ஒழுங்கா ஓடுது. யாரும் கை வைக்காதீங்க." யாரும் வைக்கவில்லை. வெளிநாட்டார் குறித்த பழைய நேரங்களும் சூரியனுக்கு மாற்றினவைதான், பொருத்தம் சரியாக இருந்தது, வசதியாகவும் இருந்தது. ஆனால் சூரியன் ஓடாதா? வியாழனின் கனம் கொஞ்சமா, அது சுற்றும்போது சூரியனையும் சேர்த்து இழுக்கிறது, வியாழன் இந்தப் பக்கம் போனால் சூரியன் அந்தப் பக்கம் ஒதுங்குகிறது, எவ்வளவு ஒதுங்கும், கையில் இருக்கிற ரசீதின் பின்னால் எழுதிப் பார்க்கிறேன், ஏழு லட்சத்துச் சொச்சம் கிலோமீட்டர், அதை வெளிச்சம் கடக்க எடுக்கும் நேரம் ரெண்டரை செகண்ட். ரெண்டரை செகண்ட். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மெதுவான அந்த இன்னொரு வளைவு, நாலாவது ஆள், அது யாரென்று எழுதிப் பார்க்கவே வேண்டியதில்லை, சனி. ஜாதகமே கணித்துவிட்டோம். அந்த ஜோடி அசையவே இல்லை. கால் நூற்றாண்டாக அதுகள் பாட்டுக்கு நேரம் தவறாமல் சுற்றிக்கொண்டிருந்தன. நாங்கள்தான் அசைந்தோம், அசைந்துகொண்டே, நகருது நகருது என்று மண்டபத்தைக் காட்டிக்கொண்டிருந்தோம்.

சூரியனுக்குப் பதிலாக, சூரியனும் கிரகங்களும் எல்லாம் சேர்ந்து சுற்றுகிற பொதுமையத்துக்கு நேரத்தை மாற்ற வேண்டும். நிரலில் ஒரே ஒரு சொல். அக்காவின் வரிக்கு இரண்டு வரி கீழே. விரல் அந்தச் சொல்லின் மேல் நிற்கிறது, மாற்றாமல் இருக்கலாம், மாற்றாமல் இருந்தால் எனக்கு இன்னும் தெரியாது, தெரியாதவரை அது சந்தேகம்தான், சந்தேகத்தை அடுத்த வாரம்கூடச் சொல்லலாம், சார் நல்லபடியாகப் பேசி முடித்து, சமோசா சாப்பிட்டு, கைகொடுத்து, கட்டுரை போய், ஜூன் வந்து, மாலை போட்டு, அப்புறம். யாராவது வெளியூரில் ஒருநாள் கண்டுபிடிப்பார்கள், கண்டுபிடிக்காமலும் போகலாம், இந்த நட்சத்திரத்தை எத்தனை பேர் பார்க்கிறார்கள். "என்ன, புள்ளை அழுவுதா?" என்றான் ஹபீப். மாற்றினேன். கண்ணைக் கட்டினவர்களை எல்லாம் இறக்கத் தேவையில்லை, புள்ளிகளை மறுபடி போட்டுப் பார்த்தாலே போதும், ஒரு மூச்சு விடுகிற நேரம்தான், திரை வெளுத்து மறுபடி வந்தது. மேடு இல்லை. பள்ளம் இல்லை. புள்ளிகள் எல்லாம் பூஜ்யத்தை ஒட்டி ஒரே கோடாக, மழை நின்ற பிறகு குளம் கிடக்கிற மாதிரி, சின்னச் சின்ன நடுக்கம் மட்டும். ஹபீப் நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்தவன் பார்த்தான், என் முகத்தைப் பார்த்தான், மறுபடி திரையைப் பார்த்தான், அவன் கால் ஆடவில்லை. "எங்கடி போச்சு?" "வியாழன்" என்றேன். "இன்னிக்கு செவ்வாய்டி" என்றவன், பாதியிலேயே புரிந்து, கையால் வாயைப் பொத்திக்கொண்டான். பிறகு மெதுவாக, "சார்ட்ட யார் சொல்றது?" என்றான். "நான் வேணா போகவா? நீ சொன்னா அவருக்குக் கேக்கவே கேக்காது." அவன் கிண்டல் செய்யவில்லை. அது உண்மை. ஐந்து வருஷமாக சார் என்னிடம் அதிகம் சொன்ன வார்த்தை "என்னம்மா?" என்பதுதான். சரி என்று சொல்ல வாய் வரைக்கும் வந்துவிட்டது, ஹபீப் நல்லவன், தமாஷாகச் சொல்லி ஆற்றிவிடுவான், நான் கழிவறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டிருக்கலாம். பேர் சொல்லத் தெரியலை. தெரியும். "நானே போறேன்" என்றேன். "என்ன?" என்றான். "நானே போறேன்."

தாழ்வாரத்தில் வெயில் சாய்வாக விழுந்து கிடக்கிறது, கையில் பென்டிரைவ், வியர்வையில் வழுக்குகிறது, அதில் ரெண்டு படமும் இருக்கிறது, அழகான படமும், தட்டையான படமும், எதைக் கொடுத்தேன் என்று நான் சொன்னால்தான் தெரியும். அழகான படத்தை நினைத்தால் அழுகை வருகிறது, யாரோ செத்துப்போன மாதிரி, பிறக்காத ஒருவனுக்காக எப்படி அழுவது, ஆனால் அவனோடு எத்தனை ராத்திரி மலையில் உட்கார்ந்திருந்தேன், குளிரில் போர்வையைச் சுற்றிக்கொண்டு, அங்கே இருக்கிறாய் அல்லவா என்று கேட்டுக்கொண்டு, அவன் என்னடாவென்றால் பின்னாலேயே நின்றிருக்கிறான், கிழக்கே, வெறுங்கண்ணுக்கே தெரிகிற அளவு பெரிசாக, பளிச்சென்று. அவன் வெளிச்சம் இடைஞ்சலாக இருக்கிறது என்று ஒரு ராத்திரி திட்டியும் இருக்கிறேன். கருத்தரங்க அறைக்கு வெளியே தட்டில் சமோசாக்கள் செய்தித்தாள் மூடிக் காத்திருக்கின்றன. உள்ளே முப்பது பேர் இருப்பார்கள், முன்வரிசையில் கல்லூரி முதல்வர், பக்கத்தில் கழுத்தில் கேமரா போட்ட ஒருவர், சார் மேடையில் மைக்கைத் தட்டி "ஹலோ, ஹலோ" என்று பார்த்துக்கொண்டிருக்கிறார், என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "வாம்மா வா. கொண்டு வந்துட்டியா?" மைக் அதையும் எல்லாருக்கும் சொன்னது.

கிட்டே போனேன். "சார், அது சூரியனுக்கு மாத்தினதுல வந்தது சார்" என்றேன். "என்னம்மா?" "பொதுமையத்துக்கு மாத்தினா போயிருது சார்." "சத்தமா சொல்லும்மா." போனில் தட்டையான படத்தைத் திறந்து அவர் கண்ணுக்கு முன்னால் நீட்டினேன். சார் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார். பார்த்துக்கொண்டே ஒரு உள்ளங்கையால் மைக்கைப் பொத்தினார். "எவ்வளவு?" "ரெண்டரை செகண்ட் சார்." "சுற்றுக்காலம்?" "பதினொன்று புள்ளி எட்டு ஆறு." அவர் உதடு அந்த எண்ணை ஒரு தடவை சத்தமில்லாமல் சொல்லிப் பார்த்தது, அப்போதே அவருக்குத் தெரிந்துவிட்டது, நான் பார்த்தேன், முகத்தில் ரத்தம் வற்றுவது எப்படி இருக்கும் என்று அவ்வளவு பக்கத்தில் அதற்கு முன் நான் பார்த்ததில்லை. "இப்ப வேண்டாம்மா" என்றார், கெஞ்சுகிற மாதிரி, என் சாரின் குரல் இவ்வளவு சின்னதாக இருக்க முடியுமா, என் குரல் அளவுக்கு, "நாங்கள்லாம் நிமிஷக் கணக்குல நேரம் பாத்த ஆளுங்க, ரெண்டு செகண்டெல்லாம் அப்போ... நாளைக்குப் பேசிக்கலாம். அந்தப் பழைய படத்தைக் குடு." கையை நீட்டினார். இஸ்திரி மடிப்பு கத்திமாதிரி நிற்கும் சட்டைக்கை. கொடுத்துவிடலாம். கொடுப்பது ரொம்பச் சுலபம், கையைத் திறந்தால் போதும், வாயைத் திறக்க வேண்டியதில்லை. முன்வரிசையில் முதல்வர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். யாரோ இருமுகிறார்கள். நான் கையைத் திறக்கவில்லை. சார் என்னைப் பார்த்துவிட்டு நீட்டின கையை மெல்ல மடக்கிக்கொண்டார், மைக்கைப் பொத்தியிருந்த கையும் தானாக நழுவியது, அவராக விட்டாரா, தளர்ந்து விழுந்ததா, எனக்கு இன்றும் நிச்சயமில்லை, மைக் என் முகத்துக்கு நேராக, கருப்பாக, முட்டைபோல நின்றது. வாயை இறுக்கிக்கொள்ளலாம் என்று உடம்பு முழுக்கச் சொன்னது. "என் பேர் மங்களாம்பிகா" என்றேன். அதை ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை, அது இருந்தால்தான் அடுத்தது வரும் போலிருந்தது. "நாங்க கண்டுபிடிச்ச மூணாவது ஆள் அங்கே இல்லை. அது நம்ம வியாழன்." அறையின் நாலு மூலையிலிருந்தும் அந்தக் குரல் கிளம்பிப் பின்சுவரில் பட்டு, கொஞ்சம் பிந்தி, என்னிடமே திரும்பி வந்தது. எவ்வளவு பிந்தி என்று நான் பார்க்கவில்லை.